தானுந்து வெப்பநிலை உணரியின் மின்னிணைப்பி

தானுந்து வெப்பநிலை உணரியின் மின்னிணைப்பி என்பது, உந்துபொறியின் குளிர்விப்பு நீரின் வெப்பநிலையை அளக்கும் உணரியை மின்கம்பிகளுடன் இணைக்கும் சிறு நெகிழிக் கூடும் அதனுள் அமைந்த உலோக முனையங்களும் சேர்ந்த அமைப்பாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது கப்ளர் என்றும், முனையங்கள் லக் என்றும் அழைக்கப்படுகின்றன. இதனை வெறும் சொருகியாகக் கருதுவோர் பலர். ஆயினும் இது அளவீட்டின் ஒரு பகுதி ஆகும்.

மின்தடையும் அளவீடும்

பெரும்பாலான உணரிகளில் இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் ஆகும். பரவலாகப் பயன்படும் பாஷ் வகை உணரியின் மின்தடை 20 °செ வெப்பநிலையில் சுமார் 2500 ஓம், 70 °செ இல் 436 ஓம், 90 °செ இல் 243 ஓம் ஆகும். பொறியின் மின்னணுக் கட்டுப்பாட்டகம் 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலையான மின்தடை வழியாக உணரிக்கு அளித்து, உணரியின் குறுக்கே எஞ்சும் மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கிறது. உணரியின் தடை எது, இணைப்பியின் தடை எது என்று அதனால் பிரித்தறிய இயலாது. 90 °செ இல் இயங்கும் பொறியில், பச்சை பூத்த முனையம் ஒன்று 190 ஓம் அளவு தடையைக் கூட்டினால், கட்டுப்பாட்டகம் அதனை 70 °செ என்றே கொள்ளும். இதனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். மின்விசிறியைக் கட்டுப்பாட்டகமே இயக்கும் வண்டிகளில், விசிறி காலந்தாழ்ந்து சுழல்வதால் பொறி மிகைச்சூடடைந்து ஹெட் கேஸ்கெட் பழுதாகவும் கூடும்.

இணைப்பி முற்றிலும் கழன்றுவிடுவது இதனினும் தீங்கு குறைந்தது எனலாம். அப்போது அளவீடு சுமார் -40 °செ ஆகிவிடும். கட்டுப்பாட்டகம் பிழையை உணர்ந்து பி0118 என்னும் குறியீட்டைப் பதிவு செய்யும். பல வண்டிகளில் விசிறி இடைவிடாது சுழலத் தொடங்கும். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பதிவாகும் குறியீடு பி0117 ஆகும். பாதி பழுதான இணைப்பியோ எக்குறியீட்டையும் தராமல் தவறான அளவை மட்டும் தந்துகொண்டிருக்கும்.

பெரம்பலூர், அரியலூர் சூழல்

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும், தமிழ்நாடு அரசின் டான்செம் ஆலை உள்ளிட்ட சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகளில் நுண்தூசு மிகுதி. சிமெண்ட் தூசு ஈரம் பட்டால் இறுகும் தன்மையது. கூட்டின் பூட்டு நாக்கில் அது படிந்தால் இணைப்பி முழுமையாகப் பூட்டிக்கொள்வதில்லை. பெரம்பலூரை ஒட்டிச் செல்லும் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் கோடை வெயிலில் நெடுந்தொலைவு ஓடும் வண்டிகளின் பொறியறையில் நெகிழி நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. பழைய கூட்டைக் கழற்றும்போதே அது உடைவது இதனாலாகும். எனவே இவ்வட்டாரத்திற்கு ரப்பர் அடைப்பு வளையமும், கம்பி நுழையும் இடத்தில் தனி அடைப்பும் கொண்ட இணைப்பியே ஏற்றது.

வகைகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்புரேட்டர் வண்டிகளில் உணரிக்கு ஒரே கம்பிதான். மறுமுனை பொறியின் உடல் வழியே நிலமிணைப்புப் பெறுகிறது. (மரையில் டெஃப்லான் நாடாவை மிகையாகச் சுற்றினால் இந்நிலமிணைப்புக் கெடக்கூடும்.) இவற்றுக்குத் தட்டை லக் ஒன்றே போதும்.

எரிபொருள் தெளிப்பு முறை வண்டிகளில் இருமுனை இணைப்பி வழக்கமானது. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 2.8 மி.மீ. அகல முனையங்களை உடைய ஜூனியர் பவர் டைமர் வகையாகும். பழைய பாஷ் எரிபொருள் தெளிப்பான்களிலும் இதே வகை இருப்பதால், தெளிப்பானுக்கென விற்கப்படும் இணைப்பி உணரிக்கும் பொருந்துவதுண்டு. ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் சுமிடோமோ, யசாகி நிறுவனங்களின் வடிவங்கள் மிகுதி. முள்மானிக்கும் கட்டுப்பாட்டகத்திற்கும் சேர்த்து மூன்று அல்லது நான்கு முனையங்கள் கொண்ட உணரிகளும் உண்டு.

பொருத்தமானதைக் கண்டறிதல்

கூட்டின் மேல் பொறிக்கப்பட்ட பகுதி எண்ணே முதற்சான்று. நிறுவனப் பெயர்கள் மாறியிருப்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்: ஏ.எம்.பி. நிறுவனம் 1999 இல் டைகோ வசமாகி, 2011 முதல் டி.இ. கனெக்டிவிட்டி எனப்படுகிறது, டெல்பை 2017 இல் ஆப்டிவ் ஆயிற்று. எண் அழிந்திருந்தால், முனையத்தின் அகலம், இரு முனையங்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு, தவறான சொருகலைத் தடுக்கும் வரிப்பள்ளங்களின் இடம், பூட்டு நாக்கின் திசை ஆகியவற்றை வெர்னியர் அளவியால் அளந்து ஒப்பிடலாம். நிறத்தை மட்டும் நம்பலாகாது. மேற்பூச்சும் ஒத்திருத்தல் வேண்டும்: வெள்ளீய முனையத்துடன் தங்கப் பூச்சு முனையத்தைச் சேர்த்தால், அதிர்வில் அரிப்பு விரைந்து ஏற்படும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் கம்பியுடன் வெட்டி எடுத்த இணைப்பி கிடைக்கும். அவ்வாறு வாங்கும்போது முனையங்களின் பிடிப்பைச் சோதித்தல் நலம். தளர்ந்த முனையம் புதுக் கூட்டிலும் பயன் தராது. எளிய இருமுனைத் தெர்மிஸ்டருக்குக் கம்பிகளின் வரிசை பொருட்டன்று. மூன்று, நான்கு முனைய வகைகளில் வரிசை மாறினால் அளவீடு பிழைபடும்.

கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைவிட, அழுத்துமுனை இட்டு வெப்பத்தால் சுருங்கும் குழாயால் மூடுவது சிறந்தது. பின்னர் பேட்டரி இணைப்பை நீக்கி, உணரியின் முனையில் நேரடியாக ஒருமுறையும், கட்டுப்பாட்டகத்திலிருந்து கழற்றிய கம்பி முனையில் ஒருமுறையும் தடையை அளக்க வேண்டும். இரண்டும் சில ஓம்களுக்குள் ஒத்திருந்து, கம்பியை அசைக்கும்போதும் மாறாதிருந்தால் இணைப்பு சரியானதாகும்.