போதைப்பொருள் வழக்கில் சிக்கிய வாகனத்தை மீட்டல்

போதைப்பொருள் வழக்கில் போலீசார் கைப்பற்றிய வண்டியை, கடத்தலில் தொடர்பில்லாத உரிமையாளர் நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெறும் நடைமுறை இது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) இதற்கு அடிப்படை.

1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்த திருத்தணி போன்ற எல்லை ஊர்களில் இந்தச் சிக்கல் நன்கு உணரப்படும். ஆந்திர–ஒடிசா மலைப்பகுதியில் விளையும் கஞ்சா தெற்கே வரும் வழிகளுள் திருத்தணி வழியும் ஒன்று. ஆந்திராவிலிருந்து வரும் சரக்கு லாரி, பேருந்து, முருகன் கோயிலுக்கு வரும் வாடகை கார் எனப் பலவும் பொன்பாடி சோதனைச்சாவடியைக் கடக்கின்றன. பொட்டலம் யாருடைய பையில் கிடைத்தாலும் வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்.

சட்டத்தின் 60(3) பிரிவின்படி அந்த வண்டியை அரசு எடுத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க, கடத்தல் தமக்குத் தெரியாது என்று உரிமையாளர் நிரூபித்தால் மட்டும் போதாது. அவருடைய முகவருக்கும் வண்டியை ஓட்டிவந்தவருக்கும் தெரியாது என்றும், மூவரும் தக்க முன்னெச்சரிக்கை எடுத்திருந்தனர் என்றும் காட்ட வேண்டும். இது மிகக் கடுமையான சுமை. 63ஆம் பிரிவு ஓரளவு காப்பு தருகிறது: கைப்பற்றி ஒரு மாதம் ஆகும்வரையும், உரிமை கோருபவரை விசாரிக்காமலும் வண்டியை அரசுடைமையாக்க உத்தரவிடக் கூடாது.

வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வெயிலிலும் மழையிலும் நிற்கும் லாரியின் டயர் வெடித்து, பேட்டரி செத்து, அடிப்பாகம் துருப்பிடித்துவிடும். ஃபைனான்ஸ் தவணை மட்டும் மாதாமாதம் வரும். தீர்ப்புக்கு முன்பே உரிமையாளருக்குக் கிடைத்துவிடும் தண்டனை இது. கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைப்பதில் பயனில்லை என்று 2002லேயே ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனாலும் போதைப்பொருள் வழக்குகளுக்கு அது பொருந்தாது என்று பல நீதிமன்றங்கள் மனுக்களைத் தள்ளிவந்தன.

2025 ஜனவரியில், ஹெராயினுடன் பிடிபட்ட அசாம் லாரி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தயக்கத்தை நீக்கியது. உரிமையாளர் மீதோ அவருடைய முகவர் மீதோ குற்றப்பத்திரிகையில் குற்றச்சாட்டு இல்லையென்றால், வண்டியை இடைக்காலமாக விடுவிப்பதே வழக்கமாக இருக்க வேண்டும். அதற்கு முன் வண்டியைப் படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். வழக்கு முடியும்வரை உரிமையாளர் அதை விற்கக் கூடாது. கேட்கும்போது ஒப்படைப்பதாக, இல்லையேல் அதன் மதிப்பைச் செலுத்துவதாக உறுதியளிக்க வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு வழக்கொன்றும் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. சத்தீஸ்கரிலிருந்து ராணிப்பேட்டைக்கு இரும்புத் தகடு ஏற்றிவந்த லாரியில் 6 கிலோ கஞ்சா பிடிபட்டிருந்தது. என்.டி.பி.எஸ். சட்டத்தின் கீழான 2022ஆம் ஆண்டு விதிகளின்படி போதைப்பொருள் அழிப்புக் குழுவே வாகனம் பற்றி முடிவெடுக்கும் என்று கூறி உயர் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. விதிகள் சட்டத்தை மீற முடியாது, வண்டியை விடுவிக்கும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

மனுவை வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில், இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 497, 503 பிரிவுகளின் கீழ் தாக்கல் செய்கின்றனர். ஆர்.சி. புத்தகம், காப்பீடு, கடன் ஒப்பந்தம் ஆகியவை உரிமையைக் காட்டும். சரக்கு ரசீதும் வாடகைப் பதிவும் வண்டி நேர்மையான சவாரியில் இருந்ததைக் காட்டும் என்பதால் அவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது.

கிடைப்பது இடைக்கால விடுவிப்புதான். ஓட்டுநரே குற்றவாளி என்று தீர்ப்பானால், 60(3) பிரிவின் மூவர் நிபந்தனை மீண்டும் உரிமையாளர் முன் வந்து நிற்கும்.