கதிர்ப்பின் எதிர்த்தாக்கம்: எலியேசர் முதல் உச்சிக் குவார்க்கு வரை

ஈழத்துத் தமிழரின் அறிவு வரலாற்றை எழுதுவோர் புலவருக்கும் பதிப்பாசிரியருக்கும் உரிய இடத்தை அளிக்கின்றனர்; கணிதவியலாளரையும் பௌதிகவியலாளரையும் அரிதாகவே குறிப்பிடுகின்றனர். கொழும்பில் பத்தாண்டுகள் கற்பித்த ஒருவரின் ஆய்வுப் பிரச்சினையைத் தொடர்ந்து சென்று, இக்குறை எத்தகையது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னேற்றம் பெற்ற துணிக்கை ஆர்முடுகும்போது கதிர்ப்பை வெளிவிடும். அக்கதிர்ப்புச் சத்தியை எடுத்துச் செல்லுமாதலின் துணிக்கையின் இயக்கமும் மாறுதல் வேண்டும். தன் கதிர்ப்பினால் தானே தாக்குறும் துணிக்கையின் இயக்கத்தை எவ்வாறு விளக்குவது? லோரன்சு முதலியோர் ஆராய்ந்த இவ்வினாவுக்கு, 1938 இல் டிராக் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். கேம்பிரிட்ஜில் அவரிடம் பயின்ற இலங்கைத் தமிழரான சி. ஜே. எலியேசர் (1918–2001) அதனை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்துப் பார்த்தார். 1943 இல் வெளிவந்த அவரது முடிவு வியப்புக்குரியது. புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்லும் இலத்திரன், கவர்ச்சி விசை இருந்தும் அதனை அடைவதில்லை. திரும்பி முடிவிலியை நோக்கி ஓடுகின்றது. ஆசிரியரின் சமன்பாட்டில் உள்ள இடர்ப்பாட்டை மாணவர் இவ்வாறு வெளிக்கொணர்ந்தார். 1948 இல் மாற்றுச் சமன்பாடொன்றையும் அவர் முன்வைத்தார். 1991 இல் ஃபோர்ட், ஓ'கொனெல் ஆகியோர் வேறு வழியால் அவ்வடிவத்தை அடைந்தமையின், இன்று அது மூவர் பெயராலும் வழங்குகின்றது.

குவாண்டம் கொள்கையில் இவ்வினா புதிய வடிவம் பெற்றது. இலத்திரனின் காந்தத் திருப்புதிறன், எதிர்பார்த்த பெறுமானத்திலும் ஏறத்தாழ 0.00116 பங்கு மிகுந்திருத்தல் வேண்டும் என 1948 இல் சுவிங்கர் கணித்தார். துணிக்கை தன் புலத்தோடு கொள்ளும் தாக்கத்தாலேயே இவ்வேறுபாடு தோன்றுகின்றது. இத்தகைய கணிப்புகளே கதிர்ப்புத் திருத்தங்கள் எனப்படும்.

1995 இல் அமெரிக்காவின் ஃபேர்மி ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்ட உச்சிக் குவார்க்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். புரோத்தனைப்போல் ஏறத்தாழ 184 மடங்கு திணிவுடைய அது, பிற குவார்க்குகளோடு பிணையுமுன்னரே அடிக் குவார்க்காகவும் டபிள்யூ போசோனாகவும் சிதைந்துவிடும். போசோனின் சுழற்சி அதன் செல்திசையோடு கொள்ளும் உறவே இங்கு முனைவாக்கம் எனப்படுகின்றது. ஏறத்தாழ 70 வீதமான போசோன்களில் செல்திசை வழியான சுழற்சிக் கூறு பூச்சியம். 30 வீதமானவற்றில் அது எதிர்த்திசையில் அமையும். அடிக் குவார்க்கின் சிறு திணிவைப் புறக்கணித்தால், செல்திசையிலேயே அமைவதைக் கோண உந்தக் காப்பு விதி தடுக்கின்றது. ஆனால் சிதைவின்போது குளுவோன் ஒன்று வெளிப்படின் அதுவும் கோண உந்தத்தில் பங்குகொள்ளும், தடை தளரும். திருத்தங்களைச் சேர்த்து 2010 இல் வெளியான கணிப்பு இப்பங்கினை 0.0017 எனக் காட்டிற்று. இவ்வெல்லையை அறிந்தாலன்றி, பரிசோதனையில் தோன்றும் மிகை புதிய விதியொன்றின் அறிகுறியா, பழைய விதியின் விளைவா எனப் பிரித்தறிதல் இயலாது. சேர்ன் ஆய்வுகூடத்தின் இரு பரிசோதனைக் குழுக்கள் 2020 இல் இணைந்து வெளியிட்ட அளவீடுகள் கணிப்போடு ஒத்துள்ளன.

எலியேசர் 1949 முதல் 1959 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராகக் கொழும்பில் விளங்கினார். அப்பல்கலைக்கழகமும், இன்று வெள்ளவத்தையில் அமைந்துள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கமும் 1942 ஆம் ஆண்டிலேயே தோன்றியவை. ஒன்று தமிழை வளர்த்தது. மற்றொன்று விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் கற்பித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பல்கலைக்கழகம் சில மைல் தூரமே. ஆயினும் ஆங்கிலம் பயில வசதியற்ற துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கு அத்தூரம் மைலால் அளக்கற்பாலதன்று.

இவ்விடைவெளியைக் குறைக்க முயன்றோர் இருந்தனர். 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள், எலியேசரின் கட்டுரை வெளிவந்த அதே 1943 இல் இப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். ஐம்பதுகளில் அரசகரும மொழித் திணைக்களம் தமிழிற் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அதே பத்தாண்டில்தான் 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும் 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரமும் நிகழ்ந்தன. 1959 இல் எலியேசர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும், 1968 இல் மெல்பேணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார்.

ஆகவே சொற்கள் இல்லாமையன்று நமது குறை. இலத்திரன், கதிர்ப்பு, ஆர்முடுகல் என இக்கட்டுரையில் நாம் ஆண்ட சொற்கள் பாடசாலை மாணவர் அறிந்தவையே. அறிவு யாருக்குரியது என்னும் வினாவே அடிப்படையானது. எலியேசரின் 1943, 1948 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் தமிழில், விளக்கவுரையோடு மாணவர் கையில் கிடைத்தல் வேண்டும். அது ஒருவரைப் புகழும் முயற்சியாக அமையாது, இன்றும் தொடரும் ஓர் ஆராய்ச்சியில் நம் மாணவர் பங்குகொள்ளும் வாயிலாக அமைதல் வேண்டும் என்பதே நமது கருத்து.