வேட்டை நாயும் தெரு நாயும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் பேத்தி காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தாள். ஐந்தாறு மாத வயதிருக்கும். செம்பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தும் மற்றொன்று நிமிர்ந்தும் இருந்தன. ஐஸ் ஏற்றி வந்த வண்டியின் சக்கரத்தருகே படுத்திருந்ததாம். 34 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய எனக்கு அன்று மறுப்புச் சொல்ல வாய் எழவில்லை. மணி என்று பெயரிட்டோம். குளிப்பாட்டினோம், பூச்சி மருந்து கொடுத்தோம், வெறிநோய்த் தடுப்பூசியும் போடச் செய்தோம். கடமை முடிந்ததென்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் மணி சோற்றைத் தொடவில்லை. அருகிலிருந்த ஒருவரிடம் காட்டினோம். வெயிலின் கொடுமை என்று சொல்லி ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார். இரண்டு நாள் வீணாயிற்று. அதற்குள் ஈறுகள் சுண்ணாம்பு போல் வெளுத்துவிட்டன. சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இறங்கிற்று. அடுத்த வீட்டு அம்மையார் வாசலில் நின்றபடியே, “குழந்தை இருக்கிற வீடு, வாத்தியாரையா! கொண்டு போய் விட்டுவிடுங்கள்” என்றார். அவர் சொன்னதில் குற்றமில்லை. அச்சம் எனக்கும் இருந்தது. பேத்தி மட்டும் நாயின் பக்கத்தை விட்டு எழவில்லை.

வேப்பேரிக்குக் கொண்டு சென்றோம். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. காது விளிம்பில் மெல்லக் குத்தி ஒரு துளி குருதியை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் ஓர் இளம் மருத்துவர். நான் ஆசிரியனாக இருந்தவன் என்றறிந்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களுக்குள் மிகச் சிறிய தோடுகள் போன்ற வளையங்கள் தெரிந்தன. “பெபீசியா கிப்சோனி, ஐயா. உண்ணிக் காய்ச்சல். உலகத்தில் இதை முதலில் கண்டதே நம் சென்னையில்தான்” என்றார். அந்தச் சொல்தான் என்னை நூல்களைத் தேட வைத்தது.

மாணவ நண்பர்களே, உயிரினம் ஒன்று கடித்து நோயைப் பரப்பும் என்பது ஒரு காலத்தில் புதுமையான எண்ணம். 1888-இல் ருமேனிய நாட்டு அறிஞர் பெபீஷ், மாடுகளின் குருதியில் இவ்வகை நுண்ணுயிரைக் கண்டார். பெபீசியா என்னும் பெயர் அவரால் வந்தது. 1893-இல் அமெரிக்காவின் ஸ்மித், கில்போர்ன் இருவரும் மாடுகளைக் கொன்று வந்த டெக்சாஸ் காய்ச்சலை உண்ணிகளே சுமந்து செல்கின்றன என்று நிலைநாட்டினர். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது அதற்கும் நான்கு ஆண்டுகள் பின்னர்தான். (உண்ணி பூச்சி இனமன்று, எட்டுக் கால் படைத்த சிலந்தியின் உறவு. தேர்வுத் தாள்களில் நான் அடிக்கடி சிவப்பு மை செலவழித்த இடம் இது.)

சென்னையில் 1899-இல் கிண்டியில் கிங் நிலையம் தோன்றியது. அம்மைப் பாலுக்காகத் தொடங்கிய அந்நிலையத்தில் சில ஆண்டுகளுக்குள் வால்டர் ஸ்காட் பாட்டன் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். அப்போது நகரை வாட்டிய கேள்வி வேறு. ஜார்ஜ் டவுன் முதலிய நெருக்கடியான பகுதிகளில் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் ஏழைகளைக் கொண்டு போயிற்று. மண்ணீரல் வீங்கி, உடல் உலர்ந்து மாய்வர். 1903-இல் சார்லஸ் டோனவன் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவனின் மண்ணீரலில் அந்நோயின் கிருமியைக் கண்டார். லீஷ்மன் என்பவரும் தனியே கண்டிருந்தமையால் இருவர் பெயரும் அதற்குச் சேர்ந்தன. ஆனால் அக்கிருமி எங்கிருந்து வருகிறது?

1908-இல் தூனிஸ் நகரில் நாய்களிடம் அவ்வகைக் கிருமியை நிக்கோல் கண்டுபிடித்தார். உடனே சென்னைத் தெருநாய்கள் மீதும் ஐயம் விழுந்தது. டோனவனும் பாட்டனும் இந்நகரத்து நாய்களைப் பெருந்தொகையாகச் சோதித்தனர். அக்கிருமி அகப்படவில்லை, இந்தியக் கருங்காய்ச்சல் மனிதனிடமிருந்து மனிதனுக்கே செல்கிறது என்று இன்று நாம் அறிவோம். நாய்கள் மீதிருந்த பழி நீங்கிற்று. பாட்டன் பிறகு மூட்டைப்பூச்சியைக் குற்றவாளியாக்கினார். அதுவும் தவறு. மணல் ஈயே அந்நோயைக் கடத்துவது என்பதை 1942-இல்தான் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் ஐயமற மெய்ப்பித்தனர். பாட்டன் பெரிய அறிஞர். 1913-இல் கிராக் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய மருத்துவப் பூச்சியியல் நூல் பல நாடுகளில் பயின்ற பாடநூல். அத்தகையவரும் ஆண்டுக்கணக்கில் தவறான பூச்சியைத் துரத்தினார் என்பதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால், என் மாணவர் சிலர் தவறுக்கு அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டார்கள்.

அந்த நாள்களில் ஆங்கிலேயர் ‘மெட்ராஸ் ஹண்ட்’ என்றொரு வேட்டைக் கழகம் வைத்திருந்தனர். சீமையிலே நரியைத் துரத்தும் பழக்கம். இங்கே குள்ளநரியைத் துரத்தினர். குதிரையும் கொம்பும் வேட்டை நாய்க் கூட்டமுமாகப் புறப்படுவார்கள். அந்நாய்களின் குருதியில் பாட்டன் ஒரு புதிய கிருமியைக் கண்டார். பின்னர் குள்ளநரியின் குருதியிலும் அதையே கண்டார். 1910-இல் பிரெஞ்சு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் அதை வெளியிட்டு, கிப்சன் என்பவர் பெயரால் அழைத்தார். துரத்தியதும் துரத்தப்பட்டதும் ஒரே கிருமியைச் சுமந்தன என்பது எனக்குப் பெரிய வியப்பு. பிற்காலத்தில் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எங்கும் இந்நோய் காணப்பட்டது. அங்குள்ள மருத்துவ நூல்களிலும் சென்னையின் பெயர் வருகிறது. இராயபுரத்தில் நாய் வளர்ப்போருக்கு அது தெரியாது.

“நம் வீட்டுக்கு வந்ததால்தானே தாத்தா, இதற்கு நோய் வந்தது?” என்று பேத்தி கேட்டாள். அவள் இரண்டு நாளாக உறங்காததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இல்லை, அம்மா. உண்ணி கடித்தபோதே கிருமி உள்ளே போய்விட்டது. உண்ணியாலன்றி, நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும்போதும் அது பரவும். தாயிடமிருந்து குட்டிக்கும் வரும். தெருவில் வளரும் நாய்கள் பல, வெளிக்குத் தெரியாமல் அதைச் சுமந்து திரியும். பட்டினியும் வயிற்றுப் புழுவும் இடமாற்றத்தின் மிரட்சியும் உடலின் காப்பைத் தளர்த்தும்போது நோய் தலை தூக்குகிறது. ஆகவே புதிதாக வந்த நாய் முதல் இரண்டு வாரம் நன்றாயிருந்து பின்பு சோர்ந்தால், ‘இடம் பழகவில்லை’ என்று காத்திருப்பது ஆபத்து. ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டும். குருதியைச் சோதிக்க வேண்டும்.

அடுத்த வீட்டு அம்மையாருக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. இக்கிருமி மனிதரைப் பற்றுவதாக அறியப்படவில்லை. நாம் அஞ்ச வேண்டியது வெறிநோய்க்கே. 1885-இல் பாஸ்டர் அதற்கு வழி கண்டார். 1907-இல் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் எழுந்தது. ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் பக்கத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வோம். நாய் கடித்த என் பள்ளித் தோழன் அங்கே வயிற்றைச் சுற்றி 14 ஊசி போட்டுக் கொண்டு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டுவான். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து இப்போது இந்தியாவில் இல்லை. இன்று கையிலே போடும் ஊசிகள் சிலவே போதும். நாய்க்கு ஆண்டுதோறும் போடுவதோ அதனினும் எளிது.

மணிக்கு மலேரியாவுக்கான மருந்தொன்றும் வேறொரு கிருமிக்கொல்லியும் சேர்த்து 10 நாள் கொடுத்தார்கள். விலை அதிகம், என் ஓய்வூதியத்தில் அது ஒரு கடி. நான்காம் நாள் இரவு, தட்டிலிருந்த மீன் சோற்றில் பாதியைத் தின்றது. கிருமி முற்றும் ஒழிந்ததென்று உறுதி கூற இயலாது, மறுபடி தலைகாட்டலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேப்பேரிக்குப் போய் வருகிறோம். அடுத்த வீட்டு அம்மையார் இன்னும் உள்ளே வருவதில்லை. ஆனால் வாங்கும் சங்கராவின் தலையை மட்டும் தனியே பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புகிறார்.

மாலைதோறும் விளக்கேற்றியதும் பேத்தி நாயை மடியில் கிடத்திக் காதுகளையும் விரலிடுக்குகளையும் பிரித்துப் பார்க்கிறாள். அகப்படும் உண்ணியைச் சிறு இடுக்கியால் நேராக இழுத்தெடுத்துச் சோப்பு நீரில் போட்டு, எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறிக்கிறாள். நேற்று இரண்டு: இடக் காதின் உட்புறம் ஒன்று, வல முன்காலில் ஒன்று.