30 வயதுக்கு மேல் எம்பிபிஎஸ் சேர முடியுமா? வேலையில் இருப்பவர்கள் நீட் எழுதும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிளஸ் 2-வில் சுமாரான மார்க். கிடைத்த இன்ஜினியரிங் சீட், கிடைத்த வேலை என்று ஏழெட்டு வருஷம் ஓடிப்போச்சு. மாசம் பிறந்தால் சம்பளம் வருது, இஎம்ஐ போகுது. ஆனாலும் ‘டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே’ என்ற நினைப்பு மட்டும் விடவில்லை. இப்படி இருப்பவர்கள் முதலில் பயப்படுவது இரண்டுக்கு: வயது, பழைய மார்க். உண்மையில் இந்த இரண்டும் பெரிய தடையே இல்லை.

வயது வரம்பு உண்டா?

இல்லை. முன்பு பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று உச்ச வயது வைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அதை நீக்கிவிட்டது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒடிசாவில் 64 வயது ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 2020 நீட் எழுதி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தென்காசியைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் 2025-ல் மகளோடு சேர்ந்து படித்து தேர்வு எழுதி, மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். கேட்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் தனி ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தை வைத்து நம்ம கணக்கைப் போடக் கூடாது.

பழைய மார்க் பிரச்சினையா?

பிளஸ் 2 மார்க் தகுதிக்கு மட்டும்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து பொதுப்பிரிவினர் 50 சதவீதமும், பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். அதோடு சரி. ரேங்க் போடுவது நீட் மார்க்கை வைத்துத்தான். 55 எடுத்தவரும் 95 எடுத்தவரும் ஒரே வரிசை. டிகிரி, வேலை அனுபவம் எதற்கும் தனி மார்க் கிடையாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்து, உயிரியலே இல்லையா? பிளஸ் 2 முடித்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட போர்டில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதி தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

‘நீட் பாஸ்’ என்றால் சீட் கிடைச்சாச்சா?

பலர் ஏமாறுவது இங்கேதான். 2025-ல் சுமார் 22 லட்சம் பேர் எழுதியதில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் 1.2 லட்சம்தான். அந்த ஆண்டு பொதுப்பிரிவில் தகுதி பெற 720-க்கு 144 மார்க் போதும். தமிழ்நாட்டில் அதே பிரிவில் அரசுக் கல்லூரி இடத்துக்கு 500-க்கு மேல் தேவைப்பட்டது. ‘குவாலிஃபை ஆனாலே போதும் சார், சீட் நாங்க பார்த்துக்கறோம்’ என்று போன் வந்தால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் பல லட்சம் ஃபீஸ் உள்ள இடம், இல்லையென்றால் வெளிநாடு.

வெளிநாடு என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படித்துத் திரும்பி இங்கே டாக்டராக வேலை பார்க்க எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். சமீப ஆண்டுகளில் பெரும்பாலான முறை, எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்கூட அதைத் தாண்டவில்லை.

அரசுப் பள்ளியில் படித்தவரா?

6 முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாடு அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்கள் நினைவுக்கு வர வேண்டும். வேலைக்குப் போய்விட்ட பலருக்கு இது தோணுவதே இல்லை. இந்த ஒதுக்கீட்டில் கட்-ஆஃப் குறைவு, படிப்புச் செலவையும் அரசே ஏற்கிறது. 2022 ஜனவரியில் தர்மபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதன் கீழ் கவுன்சிலிங் வரை வந்து, இளைஞர் யாருக்காவது அந்த இடம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் தொகுப்பேட்டில் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

வேலையை எப்போது விடுவது?

முதலில் விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு போனை அணைத்துவிட்டு, கடந்த நீட் வினாத்தாளை 5 மணி வரை எழுதிப் பாருங்கள். 180 கேள்வி, 180 நிமிஷம். முதல் முறை 150 வந்தால் அதிர்ச்சி வேண்டாம், பத்து வருஷம் தொடாத பாடம். ஆறு மாதம் காலை, இரவு படித்த பிறகு அதே மாதிரி இன்னொன்று எழுதுங்கள். மார்க் 350 பக்கம்கூட நகரவில்லை என்றால், ராஜினாமா கடிதம் டைப் பண்ண அவசரம் இல்லை.

உயிரியலில் மட்டும் 90 கேள்வி, 360 மார்க். என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படித்தால் சுமார் மாணவரும் பிடிக்கக்கூடிய பகுதி இது. தள்ளிவிடுவது இயற்பியல்தான். தெரியாததைக் குத்துமதிப்பாக அடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 120 சரி, 60 தவறு என்றால் 420. அந்த 60-ஐயும் தொடாமல் விட்டிருந்தால் 480. கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கும், ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. பழைய ஸ்டேட் போர்டு புத்தகத்தைத் தேடி எடுக்காதீர்கள், சிலபஸ் 2024-ல் மாறிவிட்டது.

வருஷக் கணக்கு

29 வயதில் ஆரம்பித்து 31-ல் சேர்ந்தால், நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி எல்லாம் முடியும்போது 36 தாண்டிவிடும். எம்டி, எம்எஸ் என்றால் இன்னும் மூன்று வருஷம். பகுதிநேர எம்பிபிஎஸ் என்று ஒன்று கிடையாது. வருகைப்பதிவு தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வேண்டும் என்பதால் பக்கத்தில் வேலை பார்ப்பதும் நடக்காது. முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புதான், மொத்தப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் பேச வேண்டியது இந்தப் பத்தியைத்தான். வகுப்பில் 18 வயசுப் பிள்ளைகள் ‘அண்ணா’, ‘அக்கா’ என்று கூப்பிடுவது பழகிவிடும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பழைய மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என்று பலருக்கும் இருக்கும். விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் அலையாமல், சாதிச் சான்றிதழோடு சேர்த்து இதையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள்.