கேட்க ஆள் இருந்த கிழவர்

"தாத்தா மறுபடியும் பழங்கதையை ஆரம்பிச்சுட்டார்" என்று அலுத்துக்கொள்ளாத வீடு நம் திருப்பனந்தாளிலும் குறைவு. மருத்துவர்களே அதை மூளைத் தளர்ச்சி என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். வாழ்ந்த வாழ்க்கையை மனம் கணக்குப் பார்க்கும் இயல்பான வேலை அது என்று 1963இல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர்.

அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்து காட்டியவர் உ.வே.சாமிநாதையர். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்; 1855இல் பிறந்தவர். 85ஐத் தொடும் வயதில், 1940இல், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1876இல் மறைந்த தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நேற்றுப் பார்த்தவர்போலச் சொன்னார். வாராவாரம் காத்திருந்து படிக்க நாடே இருந்தது. எல்லாத் திண்ணைக் கிழவருக்கும் அது வாய்க்கிறதா என்ன!

1942 ஏப்ரலில் அவர் காலமானார். கதை 1899ஐ ஒட்டி நின்றுபோனது. மீதி நாற்பது ஆண்டுகள் அவர் வாயால் நமக்குக் கிடைக்கவில்லை.