உக்காத கலமும் உக்கிய தளமும்

மரக்கலம் கட்டிய மக்கள் பல நூற்றாண்டுகளாக ஒரு பகைவனோடு போராடினர். அப்பகைவன் புயலன்று, உக்கல். நீரில் நிற்கும் பலகை கடற்புழுவுக்கு இரையாகும். மழைநீர் தேங்கும் மூலை உக்கிப்போகும். கலத்தைக் கரையேற்றிப் பலகைப் பொருத்துகளிற் கலப்பற்று அடிப்பது கலமுடையோனின் ஓயாத கடமையாயிருந்தது. உக்காத கலம் ஒன்று உண்டாகாதா என்பது கடலோடிகளின் நெடுநாள் ஏக்கம்.

அவ்வேக்கத்தைத் தீர்க்க வந்தது கண்ணாடி. கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக நீட்டித் துணியாக நெய்து, ரெசின் என்னும் பிசினில் தோய்த்து அச்சொன்றிற் படியவைத்தால், அது இறுகி ஒரே ஓடாகிவிடும். 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டொலிடோ நகரில், ரே கிரீன் என்பார் இம்முறையிற் சிறிய பாய்ப்படகு ஒன்றைச் செய்தார். 1959இல் ‘ட்ரைற்றன்’ என்னும் 28 அடிப் பாய்ப்படகு நியூயோர்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதனை வரைந்தவர் கார்ல் அல்பேர்க். கட்டியவர்கள் கிளின்டன் பியர்சன், எவரெற் பியர்சன் என்னும் ஒன்றுவிட்ட சகோதரர். அடுத்த சில ஆண்டுகளில் அவ்வகைப் படகுகள் 700 வரை கட்டப்பட்டன.

அறுபது ஆண்டுகள் கடந்தும் அவற்றுட் பல இன்றும் மிதக்கின்றன. ஓடு உக்கவில்லை. ஆயினும் உக்கல் வேறொரு வாயிலாற் புகுந்தது. மேற்றளம் இலேசாகவும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும் என்று, இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கிடையே பல்சா என்னும் மெல்லிய மரத்தை வைத்திருந்தனர். கயிறு கட்டும் உறுப்புகளைப் பொருத்திய ஆணித் துளைகளின் அடைப்பு நாளடைவில் நெகிழ, நீர் துளிதுளியாக உட்சென்றது. மேலே பளபளப்பு, உள்ளே கூழ்.

இந்நோயை அறிய, தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பர். நலமான இடம் தெளிவாக ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். அவ்விடத்து மேற்றோலை அறுத்தெடுத்து, உக்கிய மரத்தைச் சுரண்டி, நன்கு உலரவிட்டு, புதிய பல்சாவை எப்பொக்சிப் பிசினிற் பதித்து, மீண்டும் தோல் போர்த்துவர். ஆணித் துளையை அகலமாக்கிப் பிசினால் நிரப்பி, அதன் நடுவே புதுத் துளை இடுவர். அதன்பின் அவ்வழியாக வரும் நீர் மரத்தைத் தொடாது.

பாறையில் மோதி உடைந்த ஓட்டுக்கு மருந்து வேறு. உடைப்பை வெறுமனே அடைத்தால் ஒட்டு நில்லாது. பழைய பிசின் முன்னரே இறுகிவிட்டதனால், புதியது அதனோடு கலந்து ஒன்றாகாது. அதனைப் பற்றிக்கொண்டே நிற்கும். ஆகவே பற்றும் பரப்பை அகலமாக்குவர். ஓட்டின் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்கு விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பர்; கால் அங்குலக் கனமாயின் 3 அங்குலச் சரிவு. அத்தூள் நுரையீரலுக்குத் தீதாதலின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே தேய்த்தல் வேண்டும். பின்னர்ப் பிசினில் தோய்ந்த துணிகளை, காற்றுக் குமிழ் தங்காவண்ணம் அழுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளில் மீன்பிடிப் படகுகளை உடைத்தெறிந்தபோது, கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றை மீண்டும் கடலுக்கு அனுப்பியதும் இத்தகைய கைத்தொழிலே.

கைவிடப்பட்ட மரக்கலம் மண்ணோடு மண்ணாகிவிடும். கண்ணாடியிழைக் கலமோ கைவிட்டாலும் அழியாது; கரையிலே சுமையாகக் கிடக்கும். அத்தகைய கலங்களை என்செய்வது என்பது இன்று பல நாடுகளுக்குப் பெருங்கவலையாயிருக்கிறது. உக்காத பொருளை விரும்பிய மனிதன், அதனை ஓயாது பேணும் கடமையையும் அதனோடு சேர்த்தே பெற்றுக்கொண்டான்.