உடைந்த கலமும் ஊராத்துறைச் சட்டமும்

ஊர்காவற்றுறைக் கரையில் நின்று வடக்கே நோக்கினால், காரைநகருக்கும் நமக்கும் இடையே ஒடுங்கிய நீர்ப்பரப்பும், அதன் நடுவே கடற்கோட்டையும் தோன்றும். போர்த்துக்கீசர் கட்டிய அக்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கரம்பொன்னில் வளர்ந்த எமக்கு இக்காட்சி பழகியதொன்று. ஆயின் இதற்கப்பால் விரியும் பாக்கு நீரிணை, மாலுமிகள் அஞ்சிய கடலாகும்.

அச்சத்திற்குக் காரணம் ஆழமன்று, ஆழமின்மையே. பல இடங்களில் நீர் பத்து மீற்றரும் இராது. மணற்றிட்டுகளும் பார்களும் மறைந்து கிடக்கும். சோளகமும் வாடையும் மாறி மாறி வீச, நீரோட்டமும் திசை மாறும். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள திட்டுகளைக் கடக்கவியலாது, பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே செல்கின்றன. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியையே அழித்தது.

இத்தகைய கடலில் கலம் உடைந்தால், கரை ஒதுங்கிய பொருள் யாருக்குரியது? இதற்கு விடை நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டிற் கிடைக்கின்றது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்த சாசனம் அது. கலாநிதி கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும். அவர்கள் காக்கப்பட வேண்டும் என்பது அதன் ஆணை. யானை, குதிரை ஏற்றிய கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் சரிபாதி.

இதனை வெறும் கருணை என்று யாம் கொள்ளவில்லை. யானையிலும் குதிரையிலும் மன்னனுக்கு விருப்பம் இருந்தமையைச் சாசனமே சொல்கின்றது. அவற்றைக் கொணர்பவன் அடுத்த முறையும் வரவேண்டுமன்றோ? எனினும், வலியவன் முழுவதையும் கவர்ந்துகொள்ளாதபடி எல்லை வகுத்தது அச்சட்டம். சிங்கள மன்னனின் ஆணை, துறைமுகத்து மக்கள் அறியத் தமிழிலே எழுதப்பட்டமையும் நினைக்கத்தக்கது.

1974 இலும் 1976 இலும் இரு நாடுகளும் இக்கடலில் எல்லைக்கோடு வரைந்தன. இன்றும் படகையும் வலையையும் இழந்து தவிக்கும் மீனவர் இரு கரைகளிலும் உளர். அவர்தம் வழக்கைத் தீர்ப்பது எளிதன்று. ஆயினும், எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே இக்கடலில் இழந்தவனுக்கும் ஒரு பங்கு உண்டென்று எழுதி வைத்த கல் நம் அயற்றீவிலே நிற்கின்றது. அம்மனைத் தரிசிக்கச் செல்லும் இளைஞர்காள், அக்கல்லின் முன்னும் சிறிது நேரம் நில்லுங்கள்!